பாக்கி வேலைகள்

நீலக்குழி பனிச்சுரங்க நிலையம், நிலாவின் தென்முனை
பொறுப்பு: எஸ்தர் செல்வக்கனி, இயந்திரப் பொறியாளர்

மார்ச் 2, காலை 6.15

துளைப்பான்கள் இரண்டும் ஓடுகின்றன. நேற்று வெட்டிய பனி நான்கு டன். காற்று இயந்திரம் சரி. கருவியறைக் கதவு மட்டும் என் பணியாளர் எண்ணை இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் திறந்தது. இங்கே கதவு, காற்று, வெப்பம் எல்லாமே அந்த எண்ணுக்குத்தான் கட்டுப்படும்.

காற்று வடிகட்டி பழசு. மாற்று கேட்டு மூன்று மாதமாகிறது. போன கப்பலில் வடிகட்டி வரவில்லை. எனக்குப் பத்தாண்டு விசுவாச விருது வந்தது. பித்தளைக் கேடயம். அந்தப் பெட்டிக்குள் மூன்று வடிகட்டி அனுப்பியிருக்கலாம், புண்ணியவான்கள்.

அதே கப்பலில்தான் கூட இருந்த மூவரும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. மேலாளர் கருணாகரன் அன்றைக்குச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நீங்க இருங்க மேடம். கம்பெனி உங்கள கைவிடாது." தூத்துக்குடியில் என் கணவர் ஜெபராஜுக்குத் துறைமுக வேலை போய் இரண்டு வருடம். ஒரு இடத்துக்கு முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்களாம். கையிலிருக்கும் வேலையை விடுகிற காலமா இது?

மார்ச் 5, காலை 10.40

கம்பெனியிலிருந்து வந்த செய்தியை அப்படியே பதிகிறேன்.

"அன்புள்ள எஸ்தர், கனத்த இதயத்துடன் தெரிவிக்கிறோம். நீலக்குழி நிலையம் மூடப்படுகிறது. இன்று மாலை ஆறு மணியுடன் உங்கள் பணி நிறைவடைகிறது. அடையாள அட்டையை அலுவலக வரவேற்பறையில் ஒப்படைக்கவும். என்றும் நாம் ஒரே குடும்பம்."

வரவேற்பறையா! கிட்டத்தட்ட நாலு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஐயா அந்த வரவேற்பறை.

கருணாகரனைக் கூப்பிட்டேன். "லிஸ்ட் மேலேருந்து வந்துது மேடம், என் கையில ஒண்ணும் இல்ல. உங்க திறமைக்கு வேல கிடைக்காமலா போயிடும்?" என்றார். நான் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படி ஊர் திரும்புவது என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பும் கப்பல் மார்ச் 20-க்குப் பதிவாகியிருந்தது. இப்போது பார்க்கிறேன்: "ரத்து. காரணம்: நிலையத்தில் பணியாளர் இல்லை."

ஆறு மணிக்கு என் எண்ணை அழிப்பார்கள். நிலையம் உள்ளே யாருமில்லை என்று முடிவுகட்டி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் காற்றை நிறுத்திவிடும். அதைத் தடுக்க இங்கிருந்து வழியே இல்லை. அந்த ஏற்பாட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவளே நான்தான்.

மார்ச் 5, மாலை 6.20

காற்று ஓடுகிறது!

பூமியில், கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் லிங்கதுரை இருக்கிறார். கோவில்பட்டிக்காரர். ஐந்து வருடமாகக் குரல் பழக்கம், முகம் பார்த்ததில்லை. எண்களை அழிப்பதும் அவர் வேலைதான்.

"அக்கா, பயப்படாதிய. உங்க எண்ண நான் அழிக்கல. நிலையத்த மூட இருவத்தஞ்சு வேலை குடுத்திருக்காவ, இதுவும் அதுல ஒண்ணு. எல்லாத்தயும் பாக்கி லிஸ்ட்லயே போட்டு வச்சிருக்கேன். யாரு வந்து பாக்கப் போறா? அதுக்குள்ள கப்பலுக்கு ஏற்பாடு பண்ணிருவோம்."

அழுதுவிட்டேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

மார்ச் 8, பிற்பகல் 2.05

நான் அனுப்புகிற செய்தியெல்லாம் இப்போது 'முன்னாள் பணியாளர் குறைதீர்ப்பு' என்ற பெட்டிக்குப் போகிறது. வீட்டுக்கு எழுதினாலும் அங்கேதான். பதில் மட்டும் உடனே வருகிறது: "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம். பதினைந்து வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம்." லிங்கதுரை தன் பக்கம் தொடர்பைத் திறந்தால்தான் மனிதக் குரல் கேட்கிறது.

"கப்பல் கேட்டா பணியாளர் எண் குடுங்கான். எண் இருக்குன்னு காட்டுனா, ஏன் இன்னும் அழிக்கலன்னு என்னயப் புடிப்பான். கிறுக்குப் பயலுவ கம்பெனி அக்கா. பரவால்ல, உண்மையச் சொல்லிருதேன். வேலைதானே போகும்?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் கைக்குழந்தை இருக்கிறது. நான் சொல்லவில்லை.

மார்ச் 10, மாலை 5.30

லிங்கதுரைக்கும் வேலை போய்விட்டது. கடைசியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கருணாகரன் சாரயும் இன்னிக்கு அனுப்பிட்டாவ அக்கா. கப்பல் பேப்பர்ல கையெழுத்து வாங்குததுக்குள்ள ஆளு பெட்டியத் தூக்கிட்டுப் போறாரு. எனக்கும் சீட்டுக் கிழிச்சாச்சு. நீங்க அங்க இருக்கது தெரிஞ்ச ஆளு இனி உள்ள யாரும் இல்ல. டேபிள்ல பெருசா எழுதி ஒட்டிருக்கேன். என் இடத்துக்குக் காலைல புது ஆளு வருவாராம். கேட்லயே புடிச்சுச் சொல்லிருதேன். தைரியமா இரிங்க."

விண்வெளி உடையின் முதுகுக் காற்றுச் சிலிண்டர்கள் இரண்டையும் படுக்கையறைக்கு இழுத்து வந்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரு நாள் தாங்கும். கப்பல் இன்றைக்கே கிளம்பினாலும் வர ஐந்து நாள்.

பத்து வருடம்! ஒரு நாள் தாமதமாக வேலையைத் தொடங்கியிருப்பேனா? அப்பா அடக்கத்துக்குக்கூடப் போகாமல் இங்கே பனி வெட்டிக்கொண்டிருந்தேன். எந்த மடையனுக்காக?

மார்ச் 11, காலை 9.50

எல்லா அலுவலகங்களுக்கும் நிலையங்களுக்கும் ஒரு பொதுச் செய்தி வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தெய்வசிகாமணி, அரக்கோணம். வயசு நாப்பத்தாறு. பதினாலு மாசம் வேலை இல்லாம இருந்து இன்னிக்கு ஜாயின் பண்ணியிருக்கேன். டேபிள்ல பழைய காகிதம் எல்லாத்தயும் கிழிச்சுப் போட்டு, பளிச்சுனு துடைச்சுக் குடுத்தாங்க, நன்றி. கேட்ல ஒரு பழைய ஸ்டாஃப் என் கையப் புடிச்சிக்கிட்டு என்னென்னமோ கத்தினார். செக்யூரிட்டி இழுத்துட்டுப் போனாங்க. பாவம், வேலை போன வேதனை, புத்தி பேதலிச்சிருச்சு. எனக்கு அந்த நிலைமை வரக் கூடாது. கம்பெனிக்கு உண்மையா உழைப்பேன். முதல் காரியமா, பாக்கி வேலைய எல்லாம் இன்னிக்கே முடிச்சிடறேன்."

ஐயா. தெய்வசிகாமணி ஐயா. வேண்டாம்.

காலை 11.15

ஒவ்வொரு வேலை முடிந்ததும் நிலையம் எனக்கே அறிவிக்கிறது. "நடைபாதை விளக்குகள் நிறுத்தம். பாக்கி: பத்தொன்பது." "சமையலறை வெப்பம் நிறுத்தம். பாக்கி: பதினெட்டு." கத்திப் பார்த்தேன், எழுதிப் பார்த்தேன். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமாம்.

பகல் 1.30

ஒரு வழி தோன்றியது. துளைப்பான் பழுதானால் எச்சரிக்கை நேராகத் தெய்வசிகாமணியின் மேசைக்குப் போகும். விசுவாச விருதை எடுத்து இரண்டாம் துளைப்பானின் பல்சக்கரத்தில் செருகினேன். பித்தளை என்று நினைத்திருந்தேன். முலாம் பூசிய பிளாஸ்டிக். நொறுங்கிப்போனது. ஆனாலும் சக்கரம் நின்றது, எச்சரிக்கை அலறியது. ஆளில்லாத இடத்தில் யார் கைவைத்தார்கள் என்று யோசிக்காமலா இருப்பார்?

பகல் 1.55

பதில், மறுபடியும் எல்லாருக்கும்:

"ஆளில்லாத நீலக்குழி நிலையத்துல இருந்து சும்மா சும்மா எச்சரிக்கை வருது. பழைய மிஷின், கோளாறு போல. யாருக்கும் தொந்தரவு வேணாம்னு அங்கேருந்து வர்ற எச்சரிக்கை மொத்தத்தயும் அணைச்சிட்டேன்."

கெட்டிக்காரர். திட்டவும் மனம் வரவில்லை. நான் சேர்ந்த அன்றைக்கும் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் பாக்கியெல்லாம் முடித்தேன். கருணாகரன் தட்டிக்கொடுத்தார்.

மாலை 4.10

"துளைப்பான்கள் நிறுத்தம். பாக்கி: ஒன்று." அந்த ஒன்று என் எண்.

மாலை 4.20

பத்து நிமிடமாகச் சத்தமில்லை. டீ குடிக்கப் போயிருப்பார்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: ஜெபராஜ், தூத்துக்குடி, லூர்தம்மாள்புரம். நான் வேலையை விட்டு ஓடி வரவில்லை என்று சொல்லுங்கள். இல்லை, அதைச் சொல்ல வேண்டாம். ஓடி வந்திருக்க வேண்டும் என்று சொன்னதாகச் சொல்லுங்கள். லிங்கதுரைக்கு யாராவது ஒரு வேலை கொடுங்கள்.

தெய்வசிகாமணி ஐயா, நிதானமாகக் குடியுங்கள். கூட ஒரு வடை சாப்பிடுங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் ஊர்க்கதை பேசுங்கள். அந்தக் கேட் பக்கம் போய் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், அந்த மனிதர் அங்கேதான் நிற்பார்.

ஆனால் முதல் நாள் யாரும் டீக்கடையில் அதிக நேரம் நிற்க மாட்டார்கள். நானும் நின்றதில்லை.

மாலை 4.26

"பணியாளர் எண் நீக்கம் தொடங்குகிறது." வந்துவிட்டார்.