வெட்டி எடுத்த மோதிரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி தேவலையா? மாத்திரையை ஒழுங்காகப் போடு. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன். பதறாதே. இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும்போது மோதிரம் இறுகி விரல் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் கல்யாண மோதிரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். உடனே அபசகுனம் என்று ஆரம்பிக்காதே. விரல்தான் பெருத்திருக்கிறது. காலும்தான், பழைய செருப்பு எதுவும் நுழைவதில்லை. உன் மாப்பிள்ளையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது அம்மா. கைவலி என்றால் எலும்பு டாக்டர், வேர்த்துக் கொட்டினால் தோல் டாக்டர். மாதவிலக்கு நின்றதும் நீயும் மாமியாரும் சேர்ந்து குழந்தைப்பேறு டாக்டர் வாசலிலேயே என்னை உட்காரவைத்தீர்கள். "ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்!" என்னைக் கூறு போட்டுக் காட்டினீர்களே, முழு ஆளாக யாரிடமாவது காட்டினீர்களா?

இங்கே ஆஸ்பத்திரியிலும் எலும்பு டாக்டரிடமே அனுப்பப் பார்த்தார்கள். நான் கத்தித் தீர்த்த பிறகுதான் ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி மேலதான் சந்தேகம். அது அதிகமா சுரந்தா கை, கால், முகம் எல்லாம் பெருக்கும், மாதவிலக்கும் நின்னுடும். ரத்தம், ஸ்கேன் பாத்துடலாம். வைத்தியம் இருக்கும்மா. பழைய போட்டோ இருக்கா?" என்றார். முகம் எப்போதிலிருந்து மாறியது என்று பார்க்கவாம்.

"மூஞ்சி ஆம்பள மாதிரி ஆயிடுச்சு, யாருக்கும் போட்டோ அனுப்பாத" என்று என்னிடம் சொன்னாயே, அதை ஒரு டாக்டரிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே!

வேலைக்கு மணி அடித்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் எடுத்த படங்களை அனுப்பு. டாக்டருக்கு ஒன்று போதும். நீ எல்லாவற்றையும் அனுப்பு. எனக்கும் அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

உன் மகள்