இறக்கி வைத்த பேட்டரி

மார்ச் 4

அன்புள்ள என்னவருக்கு,

மாமா தெம்பாக என்னைத் திட்டுகிறார், நானும் தெம்பாக வாங்கிக்கொள்கிறேன். அதனால் வீட்டில் எல்லோரும் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் கேட்க வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் உங்கள் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்துகொள்வார். பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும்தான் பிடித்திருக்கிறது, காதைத் தொடவே இல்லை.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் ஆள் வேண்டுமாம். பெரிய டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜூன் மாதத்திலிருந்து வர முடியுமா, முடியாதென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்கிறார். முடியும் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் எப்படிப் போவது? இந்த மணல்திட்டிலிருந்து அக்கரைக்குப் போக உங்கள் அத்தானின் படகை விட்டால் வழியில்லை. காலையில் ஒரு தடவை போவார். திரும்புவது அவர் மனதைப் பொறுத்தது. ஏறுவதற்கு முன் "எங்க? எதுக்கு? எப்ப வருவ?" என்று மூன்று கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். போன வாரம் மாமாவுக்கு மருந்து வாங்கப் போனவளை இருட்டும்வரை அக்கரையில் உட்கார வைத்துவிட்டார். கேட்டால் மறந்துவிட்டாராம். நான் என்ன, கூடையா மூட்டையா மறந்து போவதற்கு?

நம் படகு கொட்டகையில் சும்மா கிடக்கிறது. பின்னறையில் சாக்குக்கு அடியில் பேட்டரியையும் கண்டுபிடித்தேன். உங்கள் மீட்டரை வைத்துப் பார்த்தால் பதினொரு வோல்ட்கூடக் காட்டவில்லை. இதற்கு உயிர் வருமா, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சமையலறை ஜன்னலில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பித்துப் பிடித்துவிடும் போலிருக்கிறது.

உங்கள்
லேப் மேடம்

மார்ச் 15

என் அருமை லேப் மேடத்துக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே கப்பல் பட்டறையில் தலைக்கு மேல் வேலை. மூன்று மாதம் என்று கூட்டிவந்தவர்கள் இப்போது நான்காவது முறையாக நீட்டித்திருக்கிறார்கள். ஒரு கப்பலின் ஒயரை முடித்தால் அடுத்த கப்பல் வந்து நிற்கிறது. என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்.

பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாதே, அது பிழைக்கும். முதலில் பெட்டி எங்காவது உப்பியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார். இருந்தால் தொடாதே. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள், உள்ளே இருப்பது ஆசிட். மூடிகளைத் திறந்து ஒவ்வொரு செல்லிலும் பேட்டரித் தண்ணீர் ஊற்று. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. பிறகு என் டிரங்குப் பெட்டியில் இருக்கும் சின்ன சார்ஜரில் நாலு ஆம்பியரில் போடு, அதற்கு மேல் போகாதே. நாள் கணக்கில் ஏறட்டும். பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைத்தால் என்ன ஆகும்? ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் அடுப்பு, தீக்குச்சி எதுவும் வரக் கூடாது.

அது சாகாது என்று எப்படி இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் தெரியுமா? நான் வைத்துவிட்டு வந்த விதம் அப்படி. இரண்டு மூன்று மாதம் நிறுத்துகிறவன் ஒயரைக் கழற்றிவிட்டுப் படகிலேயே விட்டுவிடுவான், அதுவே போதும். வருஷக்கணக்கில் நிறுத்துகிறவன்தான் பேட்டரியைக் கீழே இறக்குவான். தண்ணீர் அளவு பார்த்து, முழு சார்ஜ் ஏற்றி, டெர்மினலில் வாசலின் தடவி, வெயில் படாத இடத்தில் பலகை மேல் வைப்பான். நான் ஒன்றையும் விடவில்லை. என் வேலையில் ஒருத்தனும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வேலைக்குப் போவதைப் பற்றி அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடாதே. அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? நான் வந்ததும் பேசிக்கொள்வோம்.

என்றும் உன்னவன்

மார்ச் 27

அன்புள்ள என்னவருக்கு,

பேட்டரி பிழைத்துவிட்டது. ஆனால் அதற்குள் என் புடவை ஒன்று போயிற்று. "தண்ணீர் ஊற்று" என்றீர்களே, எவ்வளவு என்று எழுதினீர்களா? நான் தாராள மனசுக்காரி, கழுத்துவரை ஊற்றினேன். சார்ஜ் ஏற ஏற எல்லா மூடியும் துப்ப ஆரம்பித்துவிட்டது. சார்ஜருடன் வந்த தாளைப் பிறகுதான் படித்தேன். முதலில் தகடு மூழ்கினால் போதுமாம், ஏறி முடித்த பிறகுதான் கோடுவரை நிரப்ப வேண்டுமாம். முந்தானையில் சல்லடை மாதிரி ஓட்டை. மாமா பார்த்துவிட்டு, "ஏம்மா, எலி கடிச்சுதா?" என்றார்.

ஏறி முடித்ததும் ஓய்வு கொடுத்து, உங்கள் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் உறிஞ்சிப் பார்த்தேன். லேபில் சிறுநீரின் அடர்த்தி பார்க்க நாங்கள் வைத்திருந்த மிதவைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. எத்தனை பேருடைய சிறுநீரில் அதை மிதக்கவிட்டவள், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து செல் நன்றாக இருக்கிறது. மூன்றாவது மட்டும் கொஞ்சம் சோம்பேறி. அதற்காக மறுபடி மெதுவாக ஏற்றினேன், அதுவும் வழிக்கு வந்தது. இப்போது பன்னிரண்டரைக்கு மேல் காட்டுகிறது, அடுத்த நாளும் இறங்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போதுதான் சுருக்கென்றது. இந்த பேட்டரி படகில் இருக்கவில்லை. இறக்கி வைத்திருந்தீர்கள். முழு சார்ஜ், வாசலின், பலகை, எல்லாம் நீங்கள் எழுதியபடியே. படகின் டேங்கைத் திறந்து பார்த்தேன், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. அதையும் வடித்திருக்கிறீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் கொட்டகையில் பொழுது சாயும்வரை ஏதோ செய்துகொண்டிருந்தீர்கள். நான் டீ கொண்டுவந்தபோது, "மூணே மாசம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றீர்கள்.

மூன்று மாதத்துக்குப் போகிறவர் வருஷக்கணக்குக்கு ஏன் ஏற்பாடு செய்தீர்கள்? எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வருகிறது. சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

லேப் மேடம்

ஏப்ரல் 9

என் அன்புக்குரியவளுக்கு,

நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இரும்புத் தளத்தில் கால் வைக்க முடியவில்லை. சாப்பாட்டுக்கும் குறை சொல்ல முடியாது, புகழவும் முடியாது. உன் புடவை போனது எனக்கும் வருத்தம்தான். வரும்போது அதைவிட நல்லதாக வாங்கி வருகிறேன்.

நீ தனியாக இருந்து கண்டதையும் யோசிக்கிறாய். எதையும் ஒழுங்காகச் செய்வது என் வழக்கம், அவ்வளவுதான். அதற்கெல்லாம் கண், காது, மூக்கு வைத்துப் பேசாதே. நீ வீட்டில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்க முடிகிறது. அதைப் புரிந்துகொள்.

இன்னொன்று. நீ படகை ஓட்டுவது சரிப்படாது. நீரோட்டம் உனக்குத் தெரியாது, நாளைக்கு ஏதாவது ஆனால் அப்பாவுக்கு யார்? அத்தானிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் வந்து பேட்டரியை எடுத்துப் போவார், அவர் படகுக்கும் உதவும். முரண்டு பிடிக்காமல் கொடுத்துவிடு. டாக்டரம்மாவிடம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்.

என்றும் உன்னவன்

ஜூன் 23

வணக்கம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே அத்தான் வந்தார். பேட்டரி அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் படகை இறக்கி, பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை மாட்டி, நான் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். "எறங்கும்மா, விளையாடாத" என்றார். "நீங்க ஏறுங்கண்ணே, அக்கரையில விட்டுடறேன்" என்றேன். சாவியைத் திருப்பினேன். முதல் தடவை இருமியது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. அவர் ஏறவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டது அவர் பின்னாலேயே வந்திருந்த உங்கள் அக்கா. "போடி. பகல்ல எங்கப்பாவ நான் பாத்துக்கறேன். பெத்த பொண்ணுதானே நானு" என்றார். பயந்தது உண்மை. நீரோட்டம் எனக்குத் தெரியாதென்று எழுதியிருந்தீர்கள். தினமும் ஓட்டி ஓட்டி இப்போது தெரியும்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் அழுகை வந்துவிட்டது, டாக்டரம்மா பார்க்காத மாதிரி நகர்ந்துபோனார்.

முதல் நாள் திரும்பி வந்து மாமாவுக்குச் சாப்பாடு ஊட்டும்போது, நீங்கள் பேட்டரியை இறக்கி வைத்ததைச் சொன்னேன். அவர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "அவன் பெட்ரோல வடிச்ச வாசம் வந்தப்பவே எனக்குத் தெரியும்மா. சொன்னா நீயும் போயிடுவியோன்னு பயந்தேன்" என்றார். வாய் கோணியிருப்பதால் அவர் அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்து கழுவி வைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை இங்கே வைத்திருக்கிறீர்கள். ஒருவர் பொய் சொல்லி, ஒருவர் சொல்லாமல்.

ஆனாலும் தினமும் சாயங்காலம் திரும்பி வருகிறேன். அக்கரையில் அறை பார்த்துத் தருகிறேன் என்று டாக்டரம்மா சொன்னார், வேண்டாம் என்றேன். படுக்கையில் கிடக்கிறவரை விட்டுவிட்டுப் போக உங்களால் முடிந்தது. என்னால் முடியவில்லை. படகு இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது, இருந்தும் மாலையானால் அதன் மூக்கை இந்தப் பக்கம்தான் திருப்புகிறேன். யார்மேல் எரிச்சல்படுவது என்று தெரியாமல் என்மேலேயே எரிச்சல் வருகிறது. இதெல்லாம் உங்களுக்காக என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று இனி நான் கேட்கப்போவதில்லை. மாமாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதனால் அடுத்த கடிதத்தை அவர் பெயருக்கே எழுதுங்கள். அவருக்கு இப்போது எழுத்து கூடவில்லை, நான்தான் படித்துக்காட்ட வேண்டும். சத்தமாகப் படிக்க முடியாத எதையும் அதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்