மூன்றரைக் கிலோ

பூதப்பாண்டி
27.2.2025

அன்புள்ள ராகேலுக்கு உலகம்மை அக்கா எழுதுவது.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே, அதனால்தான் கடிதம்.

ஞாயிறு போட்டியில் நடந்ததை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை. மகளிர் வடம்வலியில் கயிறு இழுக்கும் ஏழு பேரும் சேர்ந்து நானூற்றைம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. உனக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமை நெல் வியாபாரியின் தராசில் எடை பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. மைதானத் தராசில் மூன்றரைக் கிலோ கூடிப்போனது. ஐந்து நிமிடம்தான் அவகாசம் கொடுத்தார்கள். உன்னை இறக்கி, மாற்று ஆளான ஷிபாவை அணியில் ஏற்றினேன். நம்மிடம் ஒல்லியாக இருப்பது அவள் ஒருத்திதானே. முதல் ஆட்டத்திலேயே தோற்றோம்.

கோச் என்றால் யாரையாவது இறக்கத்தான் வேண்டும். ஆனால், "ஏட்டி, ரெண்டு நாளு வாயக் கெட்ட முடியாதா ஒனக்கு?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டது கொஞ்சம் கூடுதல்தான். ஏப்ரல் ஆறாம் தேதி அடுத்த போட்டி. மண்டைக்காட்டுக் கோயில் கொடை முடிந்ததும் பயிற்சி. கோபத்தை விட்டு வா.

உலகம்மை


பேச்சிப்பாறை
6.3.2025

மதிப்பிற்குரிய கோச் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருக்கிறது. அதனால் உங்களைத் திட்ட நிறைய நேரம் கிடைக்கிறது.

போட்டிக்கு முந்தின ராத்திரி நான் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன். என் வீட்டுக்காரர் சகாயம் மீன் குழம்பு வைத்துவிட்டு, "ஒரு வாய் தின்னுட்டி" என்று கெஞ்சினார். தொடவில்லை. நான் ஒருத்தியே மூன்றரைக் கிலோ கூடியிருக்க வேண்டுமென்றால் ஒரு முழுச் சக்கைப்பழத்தை அல்லவா விழுங்கியிருக்க வேண்டும்?

நான்கு வருஷமாகக் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக நிற்கிறேன். அங்கிருந்து எதிரணி தெரியாது. ஆறு முதுகுகள் தெரியும், உங்கள் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் காலை ஊன்றுவேன். அதே சத்தம் ஊர் கேட்க என்னைத் தீனிப்பண்டாரம் ஆக்கியது. இறக்கியதற்குக் கோபமில்லை. இறக்கும் முன் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம்.

நான் வரவில்லை.

ராகேல்


பூதப்பாண்டி
17.3.2025

ராகேல் மக்கா,

கும்பப்பூ விளைச்சலை அறுத்து, நெல்லைப் போட அதே வியாபாரியிடம் போனேன். வீட்டில் எடை பார்த்துக் கட்டிய மூட்டை அங்கே அரைக் கிலோ குறைந்தது. "ஒம்ம தராசு கள்ளத் தராசுல்லா ஓய்" என்று சண்டைக்கு நின்றேன். ஒவ்வொரு அறுப்புக்கும் போடுகிற சண்டைதான். பாதிச் சண்டையில்தான் எனக்கு உறைத்தது.

மூட்டைக்கு அரைக் கிலோ விழுங்கும் தராசில் ஏழு பெண்களையும் ஒவ்வொருத்தியாக ஏற்றி எடை பார்த்திருக்கிறேன். ஆளுக்கு அரை, ஏழு பேருக்கு மூன்றரை. நாஞ்சில் நாட்டில் பிறந்து நெல் வியாபாரியின் தராசை நம்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்றுப் பயிற்சியில் எல்லோரையும் நிறுத்தி, அன்று போட்ட அதே சத்தத்தில் சொன்னேன்: "ராகேல் ஒண்ணும் திங்கல்ல. தப்பு எனக்க மேல." ஷிபா அழுதுவிட்டாள். தன்னால்தான் நீ வராமல் போனாய் என்று நினைத்திருக்கிறாள். மற்றவர்கள் தராசுக் கதையைக் கேட்டு உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

என்னை மன்னித்துவிடு. உன் இடத்தில் வேறு ஆளை நிறுத்திப் பார்த்தேன், எனக்குக் கத்தவே வரவில்லை.

உன் உலகம்மை அக்கா


பேச்சிப்பாறை
24.3.2025

அன்புள்ள அக்கா,

கடிதத்தைச் சகாயத்துக்கு வாசித்துக் காட்டினேன். "ஒனக்க கோச்சு ஆளு கொள்ளாமே" என்று மெச்சினார். நாலு பேர் முன்னால் திட்டுகிறவர்கள் தனியாக வந்துதான் சமாதானம் சொல்வார்கள். நீங்கள் அந்த நாலு பேர் முன்னாலேயே சொன்னீர்கள். வாசித்து முடித்ததும் அழுதேன். சொல்வதற்கென்ன.

ஆனால் அக்கா, நல்ல தராசில் நாம் இப்போதும் மூன்றரைக் கிலோ கூடுதல்தான். ஆளுக்கு அரைக் கிலோ குறைத்தால் போதும். அதிகாரம் பண்ணாமல் கேட்டுப் பாருங்கள், குறைப்பார்கள். நான் தொடங்கிவிட்டேன். தினமும் சகாயத்துக்கு இரண்டு தோசை கூடுதலாகக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். ஷிபாவிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆறாம் தேதி அப்படியும் எடை கூடினால், என் பக்கத்தில் வந்து, "இறங்குதியா மக்கா?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே இறங்குவேன்.

உங்கள் ராகேல்