மூன்றாவது தலையணை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகமாம், அப்படி அவர் சொல்கிறார், நான் சொல்லவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன், ஆனால் உன் பேச்சையும் இனி விசாரித்துத்தான் நம்ப வேண்டும், ஏன் என்று சொல்கிறேன்.

நீ அனுப்பிய தலையணை வந்து ஒரு மாதமாகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து யாராவது தலையணை அனுப்புவார்களா, இங்கே பஞ்சுக்கா பஞ்சம் என்று அன்றைக்கே நினைத்தேன். மழைக்காலத்தில் கழுத்து வலி என்று உன் அப்பா இரண்டாவது தலையணை கேட்டார், இப்போது உன்னுடையதையும் சேர்த்து மூன்று, மனிதர் படுப்பதில்லை, சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறார். ஊரிலுள்ள லிப்ட்டையெல்லாம் பழுது பார்க்கிறவருக்கு, வாய்த்த வீடு லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. தினமும் இரண்டாவது மாடியில் ஐந்து நிமிஷம் நிற்கிறார். அங்கேதான் அந்த டீச்சரம்மா தனியாகக் குடியிருக்கிறாள். என் புத்தி எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். இரண்டு நாள் நம் மாடிப்படியின் மேலே மறைந்து நின்று எட்டிப் பார்த்தேன். அவள் கதவு திறக்கவே இல்லை, இவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியது.

கால் சட்டைக்கு அளவெடுக்கிறேன் என்று சொல்லி அவர் கணுக்காலில் டேப்பைச் சுற்றினேன். காலையில் ஓர் அளவு, சாயங்காலம் முக்கால் இஞ்ச் கூட. கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. என்னிடம் யூனிபார்ம் தைக்கக் கொடுக்க வருகிற நர்ஸ் பெண்ணிடம், தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி என்று கேட்டேன். அவள் என் வெட்டுமேஜையிலேயே சாக்பீஸால் நெஞ்சை வரைந்து காட்டினாள். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறையாம். உடம்பைச் சுற்றிக் களைத்து வருகிற ரத்தம் வலப்பக்கம் நுழைந்து நுரையீரலுக்குப் போய்க் காற்று வாங்கிக்கொண்டு இடப்பக்கம் வந்து, அங்கிருந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை போகுமாம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கமாக மட்டும் திறக்கிற கதவு உண்டாம். இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு சரியாக மூடாவிட்டால், நெஞ்சு அழுத்துகிற ஒவ்வொரு தரமும் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே திரும்பி நுரையீரலில் தேங்கும், மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும், அதனால்தாங்க தலையணை கேப்பாங்க என்றாள். அவள் போனதும் அவருடைய ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். அடித்தட்டில் ஸ்கேன் ரிப்போர்ட், இரண்டு மாதப் பழசு, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

ஆக நீ தலையணை அனுப்பியது இதற்குத்தான், அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. அம்மா பயந்துவிடுவாள் என்று அப்பனும் மகளும் பேசி வைத்தீர்களாக்கும். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கு அந்த நெஞ்சைப் பற்றித் தெரியக் கூடாதா? நர்ஸ் பெண்ணிடம் மறுபடி கேட்டேன், அந்தக் கதவைத் தைத்தே சரி செய்யலாமாம், தள்ளிப் போட்டால் சதை தளர்ந்துபோய்ப் பிறகு தைத்தும் பிரயோஜனம் இருக்காதாம். தையலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், அன்றைக்கு மிஷினுக்கு லீவு.

இவ்வளவு தெரிந்தும் நான் அவரிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கழுத்து வலி என்பார். விலாசம் எழுதித் தருகிற சாக்கில் என் கடிதங்களை அவர் எடுத்துப் படிப்பது எனக்கு எப்போதோ தெரியும். இதையும் கவரை ஒட்டாமல் அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, எதையும் மறைக்காதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அது காலியாக வந்து சேர்ந்தால் கிடைக்கிற டிக்கெட்டில் புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா

படித்தேன். வியாழக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். இதைத் தபாலில் போட நான் படி இறங்கக் கூடாதாம், அவளே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். – அப்பா