பாலத்துச் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள்

மிஷன் வளவு,
1917 மார்ச், வியாழன் இரவு.

அன்பு மகள் யூனிஸுக்கு,

ஊரெல்லாம் உறங்கின பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், இத்தனை நேரங்கழித்து எழுதுவதற்கும் எழுத்து கோணலாக இருப்பதற்கும் மன்னித்துக்கொள். தம்பி சாலமோனுக்குப் பல் முளைக்கிறது, மடியை விட்டு இறக்கினால் அழுகிறான், இப்போதுதான் கண் அசந்தான். கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் சுகமாயிருக்கிறோம், உன்னையும் அங்கே அவர் ஒரு குறையுமில்லாமல் காத்து வருகிறார் என்று நம்பியிருக்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தை மூடவில்லை, என் வேலையும் போகவில்லை. போன வாரம் நான் எழுதினதை வைத்து நீ படிப்பை விட்டுவிட்டுப் புறப்பட வேண்டாம். தந்தி கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன், தந்தி என்றால் பிரிப்பதற்குள் யாருக்கு என்னவோ என்று பிள்ளை பதறிப்போவாள் என்று அப்பா தடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு இருந்த கலக்கத்தில் பாதியைத்தான் எழுதியிருப்பேன், இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். முன்னெல்லாம் நம் ஊர்ச் சந்தை வருமானம் கஜானாவுக்குப் போய், மதராஸ் வரைக்கும் காகிதம் போய், அது பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவதற்குள் கூரை ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகி முடிந்துவிடும். போன வருஷம் சர்க்காரே, ரோடு, சந்தை, விளக்கு, பெண்பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இனி உங்கள் ஊர் போர்டே பார்த்துக்கொள்ளட்டும், வரியை நீங்களே போட்டு நீங்களே செலவழியுங்கள் என்று விட்டுவிட்டபோது எல்லோரையும்விட நான்தான் சந்தோஷப்பட்டேன். போர்டு தலைவர் திருஞானசம்பந்தம் பிள்ளை, அதுதான் நெல்மண்டிக்காரர், பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு அறை கட்டித் தருகிறேன் என்று வந்து இடத்தை அளந்துகூடப் பார்த்தார். அறை கட்டப் பணம் வேண்டுமே, அதற்காகப் பாலத்து முனையில் சங்கிலி போட்டுச் சந்தைக்கு வருகிற வண்டிக்கெல்லாம் சுங்கம் வைத்தார்கள். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிற வழியில் சங்கிலியும் இல்லை சுங்கமும் இல்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. உடன்குடியிலிருந்து கருப்பட்டி கொண்டுவருகிற மீரா முகைதீன் அண்ணாச்சி என்னிடம் வந்து, பாலத்துல குடுக்கதைக் கருப்பட்டி மேல ஏத்துனா நீங்க வாங்குவியளா டீச்சரம்மா, ஏத்தலைன்னா என் மாடு என்னத்தத் திங்கும் என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், அதற்குப் பிறகு ஆளைக் காணோம். மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாய்ப் பக்கத்து ஊருக்கே திரும்பிவிட்டன. புதன்கிழமைச் சந்தையில் நாலு கீரைக்கட்டும் ரெண்டு நாயும் என்று ஆகிவிட்டது. சந்தை இல்லாவிட்டால் போர்டுக்கு வருமானம் ஏது, இந்த மாசத்தோடு பெண்பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்த அன்றைக்குத்தான் உனக்கு அப்படி எழுதினேன். அப்பாவின் மிஷன் ஆபீஸ் சம்பளம் வீட்டுக்கே பற்றாது, உன் விடுதிக்கு நான் எங்கே போவேன் சொல்லு.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் புதன்கிழமை. இங்கிருக்கிற பழைய வாடிக்கையை விட மனசில்லாமல் அண்ணாச்சி வண்டியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாலத்துப் பக்கமே போகாமல், முழங்கால் தண்ணீர்தானே என்று படித்துறைக்குக் கீழே ஆற்றிலேயே வண்டியை இறக்கிவிட்டார். நடு ஆற்றில் சக்கரம் மணலில் புதைந்து, அடி வரிசை ஓலைப்பெட்டியெல்லாம் தண்ணீரில் நனைய ஆரம்பித்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் சந்தையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களும் காய் வாங்கப் போயிருந்த நானுமாக ஓடினோம், சங்கிலிக்குக் காவல் நின்றவன்கூடச் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். போர்டு தலைவர் பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். பக்கத்தில் நின்று தள்ளியது கத்தரிக்காய் விற்கிற இசக்கியம்மா. தள்ளிக்கொண்டே அவள், ஐயா, மதராஸுல இருந்தவுக நம்ம துட்ட மட்டுந்தான் எடுத்தாக, நீங்க சந்தையவே எடுத்துட்டியளே என்றாள். மொதல்ல தள்ளு தாயி, ஏசுதத கரைக்குப் போயி ஏசு என்றார் அவர். கரை ஏறினதும் அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள், அண்ணாச்சிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த கருப்பட்டியை வீட்டுக்கா கொண்டுபோக முடியும், அங்கேயே மணலில் பரப்பி வந்த விலைக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துக் கீரைக்காரி, சட்டிப்பானைக்காரர் எல்லோரும் ஆற்றங்கரையிலேயே கடை விரித்துவிட்டார்கள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் யாவாரம் நடந்தது. பாலத்தில் சங்கிலி தனியாகக் கிடந்தது. பிள்ளை ஈர வேட்டியோடு அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

சனிக்கிழமை போர்டு கூடி வண்டிச் சுங்கத்தை எடுத்துவிட்டது. இனிமேல் சந்தைக்குள் கடை போடுகிறவர் விற்கிற அன்றைக்கு மட்டும் சிறிது கொடுத்தால் போதும். புது அறை இப்போதைக்கு இல்லை, பள்ளிக்கூடம் பழையபடி நடக்கும். நேற்றுப் புதன்கிழமை பாலத்தில் நடக்க இடமில்லாமல் வண்டிகள் வந்தன. நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இந்தச் சுங்கத்தை மதராஸில் போட்டிருந்தால் எத்தனை மனு எழுதி எத்தனை வருஷம் காத்திருப்போம் என்று அப்பாவிடம் சொன்னேன். அதற்கு அப்பா, மதராஸில் யாரும் இப்படி ஒரு சுங்கத்தைப் போட்டிருக்கவே மாட்டார்கள் என்றார்கள். அதுவும் சரிதான். எனக்கு இன்னும் உள்ளூர ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. தெருவிளக்கு ஏற்றுகிற குத்தகை பிள்ளையின் மச்சினருக்குப் போயிருக்கிறது. பிள்ளையின் கடைசி மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள், பெருக்கல் கணக்கு ஒன்றுகூடச் சரியாகப் போடமாட்டாள். என் வேலையே அவர் கையில் இருக்கும்போது அவளுக்கு நான் எப்படி மார்க்குப் போடுவது சொல்லு. இருந்தாலும் உள்ளபடியேதான் போடுவேன், வருவது வரட்டும்.

நீ வெயிலில் குடையில்லாமல் அலையாதே. ராத்திரி வெறும் கஞ்சியோடு படுத்துவிடாமல் வயிறாரச் சாப்பிடு. ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெபகனி அத்தை வீட்டுக்குப் போய்வர மறக்காதே, நீ வருவதில்லை என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறாள். நீ எடுத்த படிப்பை முடித்து நாலு பிள்ளைகளுக்கு வெளிச்சமாயிருக்கக் கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. படிப்பை விடுவதாக உங்கள் பெரிய டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டாயோ என்பதுதான் இப்போது என் மனசைப் போட்டு அரிக்கிறது. சொல்லியிருந்தால் இதைக் கண்டவுடனே போய், அம்மா அவசரப்பட்டு எழுதிவிட்டாள் என்று என்மேலேயே பழியைப் போட்டுவிடு. உன் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடவில்லை என்று தெரிகிற வரைக்கும் எனக்கு முழுத் தூக்கம் கிடையாது. ஒரு கார்டு போதும், சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
சாரம்மாள்.