நடுவில் பிடிக்கிற ஹேண்டில்

ரெஜிஷாவுக்கு அபின் எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகந்தானா? அம்மைக்கு முட்டுவலி குறைஞ்சுதா? துபாய்ல நான் சுகமா இருக்கேன். லீவுல ஊருக்கு வாற சுயம்புராஜ் அண்ணன் கையில இதைக் கொடுத்துவிடுதேன். போன்ல பேசினா நீ முகத்தைக் காட்டச் சொல்லுவ.

போன வாரம் சாப்பாடு கொண்டு போகும்போது ரவுண்டானாவுல வண்டி லேசா சரிஞ்சுது. வேற ஒண்ணுமில்ல. ஹேண்டில் நேரா வரும்போது நடுவுல கடிச்சுப் பிடிக்கும். ஹேண்டிலுக்க கழுத்துல உள்ள கோன்செட், அதான் ஹேண்டில் திரும்புறதுக்குள்ள குண்டும் கப்பும், தேஞ்சு போயாச்சுன்னு சூப்பர்வைசர்ட்ட எத்தனையோ தடவை சொன்னேன். மார்த்தாண்டத்துல நான் மாத்தாத கோன்செட்டா? மெக்கானிக் வேலைன்னு கூட்டிட்டு வந்துதானே இவனுவ என்னைச் சோத்துப்பொதி சுமக்க விட்டிருக்கானுவ.

நான் விழுந்த பிறகுதான் வொர்க்‌ஷாப்புல அதைப் பிரிச்சானுவ. உள்ள கிடந்த குண்டுகளை மட்டும் மாத்திட்டு, குழி விழுந்த கப்பைத் துடைச்சு கிரீஸ் பூசி அப்படியே வச்சிட்டானுவ. "கப்பையும் மாத்துங்க, இல்லேன்னா புதுக் குண்டும் பழைய குழியிலதான் போய் உக்காரும்"னு சொன்னேன். "நீ ரைடர். ஸ்பானரைத் தொடாத"ன்னு அங்க உள்ள மெக்கானிக் சொல்லுதான். நாளைக்கும் அதே வண்டிதான் எனக்கு, கேட்டியா.

பிறகு ஒரு காரியம். அண்ணன் திரும்பி வரும்போது வர்ம ஆசான்ட்ட அடிபட்ட இடத்துல தடவுற காயத்திருமேனி எண்ணெய் ஒரு குப்பி வாங்கிக் கொடுத்துவிடு. ரூம்ல ஒருத்தனுக்கு வேணும். கையெழுத்து கோணலா இருக்குன்னு யோசிக்காத, கட்டில்ல சாஞ்சு எழுதுதேன். அம்மைக்கு இதைப் படிச்சுக் காட்டாத.

அண்ணன் பெட்டியைக் கட்டிட்டு நிக்காரு. எந்தத் தோளுன்னு ஆசான் கேப்பாரு. வலதுன்னு சொல்லு.

அபின்