சரஸ்வதி பூஜையன்று வந்திருந்தேன்

கண்ணே புதுல்,

பூஜையன்று நான் வீட்டிலிருந்து பேசியதாக நினைத்திருப்பாய். விடியற்காலை ரயிலைப் பிடித்து உன் கல்லூரிக்கே வந்திருந்தேன். ஆல்பனா மாக்கோலம் போடும் கூட்டத்துக்கு நீதான் தலைவி என்றாயே, அந்தப் பெண்களுக்காக ஒரு டப்பா தேங்காய் உருண்டையும் கொண்டுவந்தேன்.

மாவும் கையுமாக இருந்த மஞ்சள் புடவைப் பெண்களிடம் உன் பெயரைச் சொன்னேன்.

"அப்படி யாரும் எங்க கூட்டத்துல இல்லையே மாசிமா," என்றாள் ஒருத்தி.

"ஏய், எப்பவும் தனியாவே இருக்குமே, அதுடி! பின்பக்கப் படிக்கட்டுல பாருங்க மாசிமா," என்றாள் இன்னொருத்தி.

பார்த்தேன். என் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாய். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி எடுத்தேன்.

"மா, கையெல்லாம் மாவு! இவளுங்க விடவே மாட்டேங்கறாளுங்க. அப்புறம் பேசறேன்."

போனைப் பிடித்திருந்த உன் கையில் துளி மாவில்லை.

"சரிடி, நல்லா போடு," என்றேன்.

உருண்டைகளை ரயிலில் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

'இன்னிக்கு எதுல சேர்ந்தே, யாரோட பேசினே' என்று தினமும் உன்னை நச்சரித்தவள் நான்தான். உன்மேல் கோபமில்லை.

உன் அப்பா போனபிறகு, சாயங்காலமானால் தெருப் பெண்களெல்லாம் நம் வீட்டில் கூடி லூடோ ஆடுகிறோம் என்று சொல்வேன் இல்லையா? அந்த லூடோ பலகை, நீ கட்டிவைத்துவிட்டுப் போன கயிறுகூட அவிழாமல், அலமாரி மேல்தான் இருக்கிறது.

உன்,
மா